ஆனைக்கொய்யா

உல்லைக் கடற்கரை வீதியில்
ரோசாச் சுவரும் மஞ்சள் கதவுமாய் நிற்கிற கடைக்கு
மூட்டையோடு பின்வாசலால் போய்த்தான் பழக்கம்.
இன்றைக்கு ஜெஸீல் தராசைத் துடைத்துவிட்டுச் சொன்னான்:
"அக்கா, முன்னுக்குப் போய் இருங்க.
உங்கட சோளன் என்னவாகுதெண்டு
ஒருக்கா வாயாலயும் பாருங்க."

மனிசன் செருப்பை வாசலில் கழற்றினார்.
திரும்பப் போடச் சொன்னேன்.
மறுகா பார்த்தால் பக்கத்து மேசையில்
அலைப்பலகைக்காரன் ஒருவன்
வெறுங்காலோடு, மணல் உதிர உதிர.
மனிசன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

தலைக்கு மேலே வெட்டுக் கடதாசிக் கொடிகள்.
எங்கட பிள்ளையாருக்கும்
இத்தனை நிறத்தில் கட்டியதில்லை.
சுவரில் பெரிதாய் ஒரு மண்டையோடு,
கண்குழி இரண்டிலும் செவ்வந்திப்பூ,
பல்லெல்லாம் சிரிப்பு.
"ஆர் செத்தது?" என்று கேட்டேன்.
"ஒருத்தருமில்லக்கா.
அவங்கட ஊரில வருஷத்தில ஒருக்கா
செத்தவங்களுக்குச் சாப்பாடு வைப்பாங்களாம்.
கட்டாரில என்னோட சமைச்ச
மெக்சிக்கோக்காரன் சொன்னவன்."
நாங்களும்தான் வைக்கிறோம்.
என் தம்பிக்கு மட்டும் நாள் தெரியாது.

விலைப்பட்டியலில் மனிசன்
எழுத்தை விட்டு இலக்கத்தை வாசித்தார்.
மூன்று டாக்கோ ஆயிரத்து எண்ணூறு.
கோழித்தீன் கம்பனி கிலோவுக்கு நூற்றிப்பத்து.
மேசைத்துணியில் விரலால் எழுதினார்:
பதினாறு கிலோ, மிச்சம் நாற்பது ரூபாய்.
"பதினாறு கிலோவையும்
இதில இருந்து தின்னுறதா?"

குசினிக்குள்ளிருந்து ஒரு மணம்,
மழை பட்ட சுவர் மாதிரி.
"சுண்ணாம்புத் தண்ணியில அவிச்சு
ராவு முழுக்க ஊறவிட்டு
தோல் கழண்டாப்போல அரைக்கிறதுக்கா."
நான் சிரித்த சிரிப்பில்
அலைப்பலகைக்காரன் திரும்பிப் பார்த்தான்.
மடியில் இருந்த கொட்டைப்பெட்டியை எடுத்து
மேசையில் வைத்தேன்:
"காணாட்டிச் சொல்லு தம்பி."

நீலத் தட்டில் வந்தது.
வெற்றிலை மடித்த மாதிரி ரொட்டி,
உள்ளே பாரை மீன், ஊதாக் கோவா, தேசிக்காய்ப் புளி.
கடித்தேன்.
என் சோளன்தான்.
புகுந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளை மாதிரி
கண்டும் காணாமல் நின்றது கொஞ்ச நேரம்.
மறுகா ஒட்டிக்கொண்டது.

"கவனம், உறைக்கும்" என்று ஒரு சிவப்புக் கிண்ணம்.
மனிசன் கரண்டி நிறைய அள்ளினார்.
காத்திருந்தோம்.
ஒன்றும் நடக்கவில்லை.
"கொச்சிக்காய் விளையாத நாடோ?"
"வெள்ளைக்காரனுக்காக இறக்கினதண்ண,"
ஜெஸீலுக்கு வெட்கம்.

"இந்தப் பச்சை?"
"ஆனைக்கொய்யா."
மனிசன் கையை இழுத்துக்கொண்டார்.
மாசியில் சேனைக்குள் இறங்கி அரை ஏக்கர்,
பங்குனியில் குடில் சுவரைத் தள்ளி நாலு மூட்டை.
"இஞ்சயும் வந்திட்டா அது?"
நான்தான் தொட்டுத் தின்றேன்.
வெண்ணெய் மாதிரி இருந்தது.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதை ஒருவரும் தொடவில்லை.
தட்டில் அது
சிரிக்கிற மண்டையோட்டைப் பார்த்தபடி கிடந்தது.
ஜெஸீல் வந்தான், பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு தேசிக்காய்த் துண்டை மட்டும்
அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.
எழும்பும்போது மனிசன்
கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

காசு வேண்டாமென்றான் அவன்.
பதினாறு கிலோ கழி என்றார் இவர்.
வாசலில் அரை மணித்தியாலம் இழுபறி,
கடைசியில் எட்டுக் கிலோ.

கோமாரிக்கு வந்து சேர இருட்டிவிட்டது.
விரலில் புளி மணம் போகவில்லை.
இரண்டு மணிக்குப் பின்சுவர் முறிந்தது.
டோர்ச் வெளிச்சத்தில் ஒற்றைக் காது,
அசைகிற ஒரு வாய்.
அவசரமில்லாமல் தின்றது,
முன்வாசலால் வந்த ஆளைப்போல.

"வெடியைக் கொளுத்துங்க" என்றேன்.
நெருப்புக்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு
மனிசன் சொன்னார்:
"பொறு,
எத்தின கிலோவெண்டு பாப்பம்."