வலது கீழ் மூலையில்

சால்ட்டோ நகராட்சிக் கூட்டங்களில்
திரையின் வலது கீழ் மூலை என்னுடையது.
தபால்தலை அளவு நான்.
கறுப்புச் சட்டை, மோதிரம் கழற்றிய விரல்கள்,
மணிக்கு இத்தனை பேசோ என்று ஒப்பந்தம்.
மேயர் வாயால் சொல்வதைக்
கையால் சொல்லிவிட்டுப்
பேருந்து பிடித்து வீட்டுக்குப் போவேன்.

வெள்ளக் கூட்டம் முடிந்த மறுநாள்
ரொட்டிக்கடை வாசலில் நெலிடா எட்செவெரி
என் தோளைத் தட்டினாள்.
ஆரஞ்சைப் பெட்டியில் அடைக்கும் கிடங்கில் வேலை.
பிறவியிலேயே காது கேளாது.
நேற்று என்ன சொன்னாய் என்றன கைகள்.
நகராட்சி வீடியோ போட்டிருக்கிறதே என்றேன்.
இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணை மூடிக் காட்டினாள்:
கறுப்பு.

அவளுடைய லேப்டாப் கிடங்கு ஏலத்தில் எடுத்தது.
அதில் ஓடுவது காசில்லாத, பூட்டில்லாத மென்பொருள்,
மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவளே ஏற்றியது.
நகராட்சியின் வீடியோவோ
ஏதோ ஒரு கம்பெனியின் பூட்டுக்குள்.
படம் அவிழவில்லை.
ஒலி மட்டும் அவிழ்ந்ததாம்.
மேசையில் கை வைத்துப் பார்த்திருக்கிறாள்;
நாற்பது நிமிடம் ஸ்பீக்கர் அதிர்ந்திருக்கிறது.
யாரோ பேசுகிறார்கள் என்பது
உள்ளங்கை வரை வந்து நின்றுவிட்டது.
இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள்.
எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

வரிசையில் நின்றவரிடம் ரொட்டியைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு
நடைபாதையிலேயே முழுக் கூட்டத்தையும்
மறுபடி நடத்தினேன்:
ஆறு பதினாலு மீட்டர் ஏறலாம்,
கரைத் தெருக்காரர்கள் வியாழனுக்குள் கிளம்ப வேண்டும்,
லாரி நகராட்சி தரும், மெத்தையைச் சுருட்டிக் கட்டுங்கள்.
எதிர்க்கட்சிக்காரர் இருமியதைக்கூட விடவில்லை.

அப்படியே நகராட்சிக்குப் போனேன்.
கணினிப் பிரிவில் வால்டெமார்,
மாத்தே உறிஞ்சியபடி, நல்ல மனுஷன்,
எல்லாருக்கும் திறக்கிறதே என்றான்.
எல்லாருக்கும் என்றால்?
இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும்.
வேறு வடிவத்துக்கு மாற்றிப் போடலாமே என்றேன்.
மாற்றுகிற மென்பொருளுக்குத் தனி லைசென்ஸ்,
லைசென்ஸுக்கு டெண்டர்,
டெண்டருக்கு முதலில் தண்ணீர் வடிய வேண்டும்.
சட்டை என்னுடையது, விரல் என்னுடையது,
விரல் அசைகிற விதம் மட்டும்
யார் வீட்டுச் சரக்கு?
கேட்கவில்லை. ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.

ஆறு வந்தது.
சுவர்களில் கோடு போட்டுவிட்டுப் போனது.

குளிர்காலத்தில் நெலிடாவிடமிருந்து செய்தி.
எங்கோ ஒருவர், பெயர் தெரியாது,
ஊர் ஒருவேளை ப்ர்னோ,
இரவெல்லாம் கண்விழித்து
அந்தப் பூட்டின் பல்லை ஒவ்வொன்றாக எண்ணி
ஒரு சாவி ராவி முடித்து
ஊருக்கே சும்மா கொடுத்திருக்கிறார்.
அப்டேட் குறிப்பில் ஒரே வரி:
படம் இப்போது தெரியும்.
கூடவே அவள் எடுத்த புகைப்படம்.
மேசை, ஆரஞ்சுத் தோல், திரை,
வலது கீழ் மூலையில் நான்,
வாய் பாதி திறந்து, கை அந்தரத்தில்.

அடியில் எழுதியிருந்தாள்:
பதினேழாவது நிமிடம் பார்.
மேயரின் உதடு பதினாலு என்கிறது.
உன் கை பன்னிரண்டு என்கிறது.

என்னை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.
அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.
ஆமாம். பன்னிரண்டு.
கிடங்குச் சுவரின் கோட்டை நம்பினால்
ஆறு நின்றது பதின்மூன்றில்,
என் பிழைக்கும் மேயரின் சொல்லுக்கும் நடுவே.
வீடியோ திறந்த வீடுகள் எவை,
என் பன்னிரண்டை நம்பி
மெத்தையைச் சுருட்டாமல் விட்டவர் யார்,
அந்தத் தெருவில் காது கேளாதவர் இன்னும் நாலு பேர்,
நெலிடாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

பின்னுக்குத் தள்ளி ஓட்டினாள். மறுபடியும்.
நல்ல தெளிவான படம்.
ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது.
ஏதோ சொல்ல நான் கையை எடுத்தேன்.
எடுத்த கையில் ஓர் ஆரஞ்சை வைத்து
உரி என்றாள்.