மாதிரி எண் 2147

மற்றவர்கள் முதுகில் பெயர் இருந்தது.
அம்மாவுக்காக. எட்வின் சாருக்காக.
எங்கள் சின்னவள் மாலதிக்காக.
வெள்ளை அட்டை, நான்கு ஊக்கு.
என் அட்டையில் நான் எழுதியது
2147.

பாளையங்கோட்டை, விடிகாலை நாலரை.
அறுபத்திரண்டு சைக்கிள், நூற்று எழுபது கிலோமீட்டர்.
புற்றுநோய் ஆராய்ச்சிக்குக்
கிலோமீட்டர் கணக்கில் தருவதாக ஒப்புக்கொண்டவர்கள்
எனக்குப் பதினெட்டுப் பேர்.
மேலப்பாளையத்து மைமூன் அக்கா
பீடி இலை வெட்டிக்கொண்டே கேட்டாள்:
"கிலோமீட்டருக்கு எட்டணா போதுமா பிள்ள?"
அவள் மடியில் சுளகு, சுளகில் தூள்.
இரண்டு பேரும்
ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூலைக்கரைப்பட்டி வரை காற்று படுத்தே கிடந்தது.
பக்கத்தில் மிதித்த எலும்பு டாக்டர்
"என்னம்மா, டவுன் பஸ் நம்பரா?" என்றார்.
"மெழுகுக் கட்டை நம்பர் சார்" என்றேன்.
அதற்குப் பிறகு கொஞ்ச தூரம்
சங்கிலிச் சத்தம் மட்டும்.

எனக்கு முகங்கள் தெரியாது.
சுண்டுவிரல் நகமளவு சதை வரும்.
மெழுகில் புதைத்து,
தலைமுடியைவிட மெலிதாய்ச் சீவி,
ஊதாவும் ரோஜா நிறமும் ஏற்றி
டாக்டரின் லென்சுக்கு அடியில் வைப்பேன்.
பிறகு ஒரு கவர்.
கவரை வாங்க யாராவது வருவார்கள், பெரும்பாலும் மகன்,
பிரிக்காமல் படியில் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான்.

2147க்கு யாரும் வரவில்லை.
பங்குனியில் எடுத்த சதை. இது ஆனி.
பெண், ஐம்பத்தொன்று, கழுத்துக் கட்டி,
ஊர் திசையன்விளை பக்கம்.
பெயர் தெரியும். முதுகில் எழுதக் கூடாது, அது விதி.
கொடுத்த போன் உபயோகத்தில் இல்லை.

இட்டமொழி தாண்ட மண் சிவந்தது.
திசையன்விளையில் தண்ணீருக்கு நின்றோம்.
பூக் கட்டுகிறவளின் கழுத்தைப் பார்த்தேன்.
மினிபஸ் ஜன்னலில் ஒரு கழுத்தை.
நுங்கு வெட்டுகிறவளின் கழுத்தை.
"என்ன பிள்ள, என் தாலியவா பாக்கே?"

சொன்னேன். பெயர் இல்லாமல்.
பங்குனியில் பாளையங்கோட்டைக்கு வந்துபோன ஒருத்தி,
ஒரு கட்டி.
அவள் அரிவாளைக் கீழே வைத்தாள்.
"அந்த நோவுன்னா யாரு பிள்ள வெளிய சொல்லுவா?
வீட்டுக்குள்ளயே வச்சு முடிச்சிருவாவ."

அது அந்த நோய் இல்லை அக்கா.
காசநோய்க் கட்டி.
ஆறு மாதம் மாத்திரை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.
அந்த இரண்டு வரி
என் இழுப்பறையில் மூன்று மாதமாகக் கிடக்கிறது.
அவள் இங்கே எந்தச் சுவரைப் பார்த்துப் படுத்து
தன்னுடையதல்லாத ஒரு சாவை
எண்ணிக்கொண்டிருக்கிறாளோ.

அட்டையைக் கழற்றி
லேப் நம்பரைப் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
நுங்குக் குவியலுக்குப் பக்கத்தில்
ஓலைக்கு அடியில் செருகிவைத்தாள்.
சுளைகளுக்குக் காசு வாங்கினாள், சரியாக.

கூடங்குளம் தாண்டியதும் எழுந்தது காற்று.
கணவாயிலிருந்து நேரே நெஞ்சுக்கு.
மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்.
காற்றாலைகள் எங்கள் கால்களை லட்சியம் செய்யவில்லை.
காவல்கிணற்றுக்கு முன்னால் நான் இறங்கப் போனபோது
எலும்பு டாக்டர் முன்னால் வந்தார்.
"என் பின்சக்கரத்தை ஒட்டியே வா. பேசாதே."
அதுவரை பக்கவாட்டில்தான் வந்திருக்கிறார்.
இப்போதுதான் முதுகு தெரிந்தது.
காற்றில் படபடத்த அட்டையில்
பால்பாயிண்ட் பேனாவால், சின்னதாக:
எனக்காக.

வள்ளியூர் வரை பேசவில்லை.
நாங்குநேரியில் ஆளுக்கு ஒரு டீ.
அவர் சர்க்கரை வேண்டாமென்றார்.

திங்கட்கிழமை.
லேப் ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தேன்.
போன் அடித்தது.
தொடை இரண்டும் கெஞ்சக் கெஞ்ச ஓடினேன்.
பாப்பாக்குடியிலிருந்து, 3012.
ரிசல்ட் வந்தாச்சா என்றார்கள்.
மெழுகு ஆறவில்லை,
நாளைக்கு வாங்க என்றேன்.
கட்டாயம் வாங்க என்றேன்.