எண்ணெய்க் கணக்கு

பிரெத்தான் கடற்கரை.
மன்னனுக்கு இன்னும் கழுத்தில் தலை இருந்த காலம்.
மணியோசையைக்கூடத் தின்றுவிடும் மூடுபனி.

கப்பல் உடைந்த இரவில்
விளக்கு எரியவில்லை என்றது ஊர்.
குடித்துக் கிடந்தான் என்றது.
அப்பா சிறையில்.

நோல்வெனுக்குப் பதினாறு.
அழுது முடித்த கையோடு
கலங்கரைப் படி நூற்றுப் பன்னிரண்டும் ஏறினாள்.
மீனெண்ணெய் ஜாடிக்குள் அளவுகோலை இறக்கினாள்:
ஓர் இரவுக்கான எண்ணெய் குறைந்திருந்தது.

அப்படியானால் எரிந்திருக்கிறது.
எரிந்ததை எவனோ மூடியிருக்கிறான்.

கடல் பார்த்த கண்ணாடிச் சட்டத்தில்,
ஆணி முனையில்,
கருகிய நீலக் கம்பளி நூல்.
முகர்ந்தாள். ஆட்டு மயிர் தீய்ந்த வாடை.

ஞாயிறு.
தேவாலயத்தில் எல்லாத் தலைகளும் குனிந்தன,
அவளுடையதைத் தவிர.
முன்வரிசையில் துறைமுக அதிகாரியின்
நீல மேலங்கி;
விளிம்பில் புதிதாய் ஓர் ஒட்டு.

ஆமென் என்றாள்,
எல்லோரும் சொல்லி முடித்த பிறகு,
கொஞ்சம் சத்தமாக.

அவர் திரும்பிப் பார்த்தார்.