கலப்பற்று

பத்துப் பவுண்டுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கப் போனேன்
டோல்ஸ்பரிக்கு, செப்டம்பர் கடைசி ஞாயிறு.
கொட்டகைக்குப் பின்னால்
முட்புதருக்குள்ளிருந்து ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.
"அது என்ன?"
"ராயுடையது" என்றாள் ஹேசல்.
கொஞ்சம் யோசித்து,
"இல்லை, என்னுடையதுதான்."

சைக்கிளை இன்றுவரை வாங்கவில்லை.

பதினெட்டு அடி. ஓக் சட்டம், லார்ச் பலகை.
ராய் ஸ்பெயினுக்குப் போன பிறகு
பதினொரு குளிர்காலம் அதன்மேல் பெய்திருந்தது.
பாய்ப் பைக்குள் எலிகள் மூன்று தலைமுறை கண்டிருந்தன.
பாய்மரம் மட்டும் சும்மா இருக்கவில்லை,
கொட்டகை உத்தரத்தில் கிடந்து
அவள் போர்வைகளுக்குக் கொடியாக உழைத்தது.

எனக்கு நீச்சல் தெரியாது என்பதை
முதல் நாளே சொல்லிவிட்டேன்.
"படகுக்குத் தெரிந்தால் போதும்."

பல் வைத்தியசாலையில் கருவி கழுவுகிற வேலை எனக்கு.
முனை மழுங்கிக் கழித்த கொக்கிகளைக்
கேட்டு வாங்கி, கோட்டுப் பையில் கொண்டுபோனேன்.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே
கல்லாகிக் கிடந்த பழைய பஞ்சை நெம்ப
அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.
"இன்னும் கொஞ்சம் திற" என்று
ஒருநாள் படகிடம் தமிழில் சொல்லிவிட்டேன்.
ஹேசல் திரும்பிப் பார்க்கவில்லை.
அவளும் அதோடு பேசுவாள்.
பெரும்பாலும் வசவு. பாதி ராய்க்குச் சேரவேண்டியது.

பின்பலகையில் வெள்ளை எழுத்தில் 'ஹேசல்' என்று இருந்தது.
ராய் கல்யாணத்துக்கு முன் எழுதியதாம்.
நான் தொடவில்லை.
ஜனவரியில், கையுறை இல்லாமல், மூக்கொழுக,
தன் பெயரைத் தானே சுரண்டினாள்.
அடியில் நீலத்தில் 'பெக்கி'.
அதற்கும் அடியில் பச்சையில் ஒரு எண், நாற்பத்தேழு.
அதோடு நிறுத்திக்கொண்டாள்.
யார் பெக்கி என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பதற்கு
தமிழில் என்ன சொல்வார்கள் என்று
இரவில் அகராதியைப் புரட்டினேன்.
கலப்பற்று.
கடல் வழியாக வந்த அரபுச் சொல்லாம்.
கலப்பு அற்று என்று பிரித்தேன்,
தண்ணீரும் மரமும் கலக்காதபடி.
கலம், பற்று என்றும் பிரித்துப் பார்த்தேன்.
இரண்டும் தப்பு. இரண்டாவது பிடித்திருந்தது.

பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள் பெரிய ஓதம்.
பகல் ஒன்று பத்துக்கு
நான்கு பேர் தள்ள, சேற்று வாய்க்காலில் இறங்கியது.
யாரோ கை தட்டினார்கள்.
ஐந்து நிமிடத்தில் என் கணுக்கால் நனைந்தது.
பத்தில் முழங்கால்.
ஏழு மாதம்! ஏழு மாதம் என்று கத்திக்கொண்டே
சோற்றுப் பானையால் அள்ளி இறைத்தேன்.
"விடு" என்றாள் ஹேசல். "குடிக்கட்டும்.
காய்ந்த பலகை. அது குடித்து ஊதினால்தான் இடுக்கு மூடும்."
கரையோரம் கட்டிப்போட்டு, விளிம்புவரை மூழ்கவிட்டு,
வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் போகவில்லை.
இரண்டு இரவு, காருக்குள் படுத்து,
தண்ணீரைத் தடுக்கத் தண்ணீரையே உள்ளே விடுகிற
அந்தக் கூத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் நாள் இறைத்தோம்.
இறைத்தது இறைத்தபடி நின்றது.

அந்த ஞாயிறே பாயை ஏற்றினோம்.
காற்று நன்றாகத்தான் இருந்தது.
ஓதம்தான் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.
இருநூறு கஜம் போயிருப்போம்,
சேறு மெதுவாக, மரியாதையாக, எங்களைப் பிடித்துக்கொண்டது.
அடுத்த வெள்ளத்துக்கு எட்டு மணி நேரம்.
சுற்றிலும் சாம்பல் நிறச் சேறு, நண்டுத் துளைகள்,
எங்களைப் பொருட்படுத்தாத ஒரு நாரை.
பிளாஸ்க்கில் அரைக்கோப்பைத் தேநீர்.

அடிப்பலகையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டேன்.
மூலை மூலையாகத் தடவினேன்.
உள்ளங்கையில் ஒட்டியது மரத்தூள்தான்.

"சைக்கிள் இன்னும் அங்கேதான் இருக்கிறது" என்றாள் ஹேசல்.
"ஐந்துக்குத் தருகிறேன்."