ஆள் மாறும் நேரம்

இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்
பெர்ஜுந்தை சாலை முனையில் என்னை இறக்கிவிடும்போது
மணி ஏழு பத்து.
விரல் இடுக்கில் இன்னும் அமோனியா.
சங்கிலியில் தொங்கியபடி என்னைக் கடந்துபோன
பீங்கான் கைகள் எத்தனை ஆயிரம் என்று
இப்போதெல்லாம் எண்ணுவதில்லை.

பழைய ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் பின்னால்
மறுநடவில் தப்பிய ஒரே பால்மரம்.
தலை போய்விட்டது.
கத்திக் கோடுகள் சாய்ந்து சாய்ந்து முடிகிற உயரத்துக்கும் மேலே,
ஏணி போட்டும் எந்த வெட்டுக்காரரும் எட்டாத இடத்தில்
ஒரு துளை.
தேநீர் கிளாஸின் வாயகலம்.

மூன்றாம் கை மாறி வந்த லென்ஸ்.
பதினெட்டுத் தவணையில் இன்னும் ஏழு பாக்கி.
உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு செம்பனை மட்டைகளுக்குள் குந்தினால்
யாரோ இறக்கிவிட்டு மறந்த மூட்டை நான்.

உள்ளே ஆண். சிவப்புக் கொண்டை.
இரவெல்லாம் முட்டைமேல் இருந்தது அவன்தான்.
எனக்கு இது விளங்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று:
அந்த வீட்டில் நைட் ஷிப்ட் ஆம்பளைக்கு.

பெண் நேராக வரமாட்டாள்.
அடிமரத்தில் ஒட்டி,
வாலை இன்னொரு காலாக ஊன்றி,
நின்று, தாவி, நின்று.
கறுப்புக் கொண்டையில் சுண்ணாம்புப் புள்ளிகள்.
துளைக்குள்ளிருந்து ஓர் அலகு நீளும்.
அவன் வெளியே, அவள் உள்ளே.
ஒரு நொடிகூட முழுசாக இல்லை.

முன்னூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன்.
சிலதில் அவன். சிலதில் அவள் வால்.
பாதிக்கு மேல் வெறும் துளை,
தெளிவாக, ஆளில்லாமல்.

பரஞ்சோதி மில்லுக்குக் கிளம்புவது ஏழரைக்கு.
மரத்தைப் பார்த்தால் அவரைப் பார்க்க முடியாது.
பிளாஸ்கில் கோப்பி இருக்கும்,
பக்கத்தில் கவிழ்த்த கோப்பை.
எங்கள் பேச்சுவார்த்தை அது.

ஒரு சனிக்கிழமை கே.எல்.லிலிருந்து நான்கு பேர்,
பீரங்கி நீள லென்ஸ்களோடு.
ஒருவர் போனில் மரங்கொத்திக் குரலை ஓட்டினார்.
எவன்டா என் வாசலில் என்று பதறி வந்தான் அவன்.
படபடவென்று அறுபது கிளிக்.
குறுக்கே தொங்கும் கொடியை அறுத்துவிடலாமா என்றார் இன்னொருவர்.
அதில் முழுக்க முசுறு என்றேன்.
பொய்தான்.

பாய்லர் பழுதென்று மில் மூடிய நாளில்
பரஞ்சோதி மோட்டாரில் வந்தார்,
மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
அவர் இடப்பக்கம் நகர்ந்தால்
பறவை மரத்தைச் சுற்றி வலப்பக்கம் போயிற்று.
வலம் போனால் இடம்.
"நான் பாக்குறதுக்குள்ள அது என்னைப் பாத்துருது" என்றார்.
சிரிப்பை அடக்கும்போது விரல் அழுந்திவிட்டது.

சட்டத்தில் பாதி மஞ்சள், மங்கலாக.
மீதியின் மூலையில்
ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, ஒன்றையொன்று தொடுகிற மாதிரி.
யாரிடமும் காட்ட முடியாத படம்.
போனில் முகப்பாக வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் துளையிலிருந்து எட்டிப் பார்த்தது மைனா.
வாயில் வைக்கோலும் ஒரு ரொட்டி உறையும்.
வேரடியில் ஓட்டுத் துண்டுகள், வெள்ளை.
மைனா முட்டை நீலமாக இருக்கும்.

என் கார்டில் இருப்பதிலேயே துல்லியமான படம்
அந்த மைனாவுடையதுதான்.
கண்ணில் வானம் தெரிகிறது.
எடுக்காமல் இருந்திருக்கலாம்.
எடுத்தேன்.

முக்காலியை மடக்குகையில்
அல்லூருக்கு அந்தப் பக்கம், மருந்து குத்திச் சாகடித்த செம்பனையில்
தட்டுகிற சத்தம்.
நிறுத்தி, மறுபடி,
இடம் மாற்றி, மறுபடி.

மணி ஏழு இருபத்திரண்டு.
ஓடினால் பிடித்துவிடலாம்.