கேறாது

பத்தரை மணிக்குப் பாறசாலையிலிருந்து வந்தான்.
தோளில் லேப்டாப். கையில்
மலையாளத் தாளில் சுற்றிய ஏதோ ஒன்று,
ஒரு சீப்பு ஏத்தம்பழத்தின் கனத்தில்.

பிரித்தான்.
இரண்டு விசிறி, பொன்னிறப் பற்கள்.
திருவனந்தபுரத்தில் எவனோ
கடையைக் காலிசெய்தபோது
பதினாலாயிரத்துக்கு வாங்கியதாம்.
"சேச்சி, இது இதுக்குள்ள கேறுமோ?"

கேறும் என்ற சொல்லுக்கு
களியக்காவிளையில் செக்போஸ்ட் கிடையாது.
"கேறாது" என்றேன்.

அட்டை லேப்டாப்பைவிடத் தடி.
மூடிய லேப்டாப்பின்மேல் அதைத் தூக்கி வைத்தேன்,
குட்டிமேல் தாய் ஏறி உட்கார்ந்த மாதிரி.
அவன் சிரிக்கவில்லை.
பெயர் கேட்டேன். அனுலால்.
கட்டாத வீடுகளைப் படமாக வரைந்து கொடுப்பவன்.
ஒரு அடுக்களைக்கு ஆறரை மணி நேரம் பிடிக்கிறது,
அதற்குள் வீட்டுக்காரர் மனசு மாறி
ஜன்னலை இடம் மாற்றச் சொல்லிவிடுகிறார்.

சொன்னால் நம்பமாட்டான். திறந்து காட்டினேன்.
பத்து ஸ்க்ரூ.
செம்புக் குழாய்க்கு அடியில்
நகத்தளவு கறுப்புச் சதுரம்.
"இதுதான் உன் கிராபிக்ஸ்.
மாட்டி வைத்ததில்லை, பற்றவைத்தது.
அடியில் கடுகைவிடச் சின்ன ஈயக்குண்டுகள்,
ஆயிரத்துக்குக் குறையாது.
ரேம் மாற்றலாம், டிஸ்க் மாற்றலாம்,
இதை மாற்ற முடியாது."
கழற்றி மாட்டுகிற ஜாதி லேப்டாப்பும் உண்டு,
ஏழு வருஷத்தில் இரண்டு பார்த்திருக்கிறேன்,
இரண்டும் இட்லிக் குட்டுவம் கனம்.
வெளியே பெட்டி வைத்து வயர் இழுக்கலாம்,
அதற்கொரு வாசல் வேண்டும்.
இதில் அந்த வாசல் இல்லை.

இந்த இடத்தில், கடைக்கு எதிரே இருபதடியில் கிடக்கும்
எல்லைக்கோட்டை இழுத்து வந்து
ஈயத்தோடு சேர்த்து ஏதாவது சொல்லலாம்.
வேண்டாம்.
ஈயம் ஈயம்தான். கோடு கோடுதான்.
மத்தியானம் மீன்காரி இரண்டு பக்கமும் விற்கிறாள்.

விசிறிக்குள் கம்பளி போலத் தூசி.
"வீட்டில் பூனை உண்டா?"
"மூணு."
இடுக்கியால் எடுத்து மேசைமேல் வைத்தேன்,
நாலாவது பூனை.
காய்ந்து சுண்ணாம்பான பழைய பசையைச் சுரண்டி
புதுசு வைத்தேன், பயறளவு.
தொண்ணூற்றேழு டிகிரியில் தவித்துக்கொண்டிருந்தது
எழுபத்தொன்பதில் நின்றது.

"அப்ப இது அப்கிரேடா?"
"இல்லை. வாங்கின அன்று இருந்ததுபோல் இருக்கிறது."
நானூறு ரூபாய் சொன்னேன்.
முந்நூற்றைம்பதும்
கேட்காமலே ஒரு நேந்திரங்காய்ச் சிப்ஸ் பாக்கெட்டும்.

பஸ்ஸில் அவன் லேப்டாப்பைக் காலடியில் வைத்து
அட்டையை மடியில் வைத்துக்கொண்டதை
இங்கிருந்தே பார்த்தேன்.

இரவு ஒரு படம் அனுப்பினான்.
பாலராமபுரத்தில் இன்னும் கட்டாத அடுக்களை.
கட்டாத ஜன்னல் வழியே
ஸ்டீல் தொட்டியில் விழுகிற வெயில்.
ஓர் ஈரப் பாத்திரம், யாரோ கழுவி வைத்தது போல.
நாலே கால் மணி நேரமாம்.

"அந்த அட்டை?"
"கட்டிலடியில். இனி அதுக்கொரு மெஷின் வாங்கணும்."

விளக்கணைக்கையில் பார்த்தேன்,
ரப்பர் விரிப்பில் ஒரு ஸ்க்ரூ மிச்சம்.
ஒன்பதுதான் மாட்டியிருக்கிறேன்.
சின்ன டப்பாவில் போட்டுப் பெயர் எழுதினேன்.
பூனை மூன்று இருக்கிறது,
வருவான்.