எட்டு வட்டுகள், ஓர் ஆம்னி

பெட்டி தபாலில் வந்தது, செங்கல் கனம்.
எட்டு வட்டுகள், நூற்றுப் பதினேழு பாட்டுகள்,
அறுபது பக்கத்தில் ஒரு புத்தகம்,
அட்டையில் வெள்ளி எழுத்தில்
பள்ளிப்பட்டு நாதமுனி.
நாற்பது வருடம் லாரி ஷெட்டிலும் திருவிழாத் திடலிலும்
கத்திய தொண்டையை
வெல்வெட் துணியில் படுக்க வைத்திருந்தார்கள்.

மதிப்புரைக்கு எண்ணூறு ரூபாய்.
முந்நூறு வார்த்தை, கடைசியில் நட்சத்திரம்:
ஐந்துக்கு எத்தனை.

வட்டு சுழற்றும் கருவி இப்போது யாரிடம் இருக்கிறது?
பொதட்டூர்பேட்டை முழுக்க விசாரித்துவிட்டு
தாமோதரின் ஆம்னியில் கண்டுபிடித்தேன்.
நகரிக்கு நூல் பண்டல் போடுகிறவன்.
"கேளு, ஆனா வண்டி நிக்காது" என்றான்.
ஆகவே நான்கு நாள், முன்சீட்டில், மடியில் நோட்டு,
போக நாதமுனி, வர நாதமுனி.

முதல் வட்டில் தறிச்சத்தத்தைத் துடைத்துவிட்டார்கள்.
தவறு. அந்த ஆள் தறியோடு போட்டி போட்டுப் பாடியவன்.
எதிராளியை அழித்துவிட்டு
ஏன் இப்படிக் கத்துகிறான் என்று
நம்மைக் கேட்க வைக்கிறார்கள்.
இரண்டில் கடன் பாட்டுகள். குறை சொல்ல வழியில்லை,
வட்டிக்காரனுக்கும் தலை ஆடும்.
ஐந்தில் யாரோ கீபோர்டு வாங்கியிருக்கிறான்.
ஏழில் பல் விழுந்திருக்கிறது, சகரமெல்லாம் காற்று.
அதையும் தள்ளாமல் சேர்த்ததற்கு ஒரு கும்பிடு.

மூன்றைப் பற்றி இப்படி எழுதினேன்:
"இளமைத் துள்ளல். குரல்
கன்றுக்குட்டிபோல் கயிற்றை இழுக்கிறது."
எனக்கே பிடித்துப்போய் அடிக்கோடிட்டேன்.

சாவடி தாண்டியதும் செல்போன் தெலுங்கில் வரவேற்றது.
பண்டல் இறங்கும்வரை
ரயில்வே கேட் பக்கத்து மெஸ்ஸில் உட்கார்ந்தோம்.
திறந்த கதவு வழியாக மூன்றாம் வட்டு ஓடிக்கொண்டிருந்தது.
லாரி கிளீனர் பாட்டு.
கொண்டை ஊசி வளைவில் அவன் கடைசியாக ஊதும் விசில்,
அதற்குப் பதில் சொல்லும் ஒரு பெண்.
யாரென்று நாற்பத்தோராம் பக்கம் சொல்கிறது:
பெண்குரல், விவரம் கிடைக்கவில்லை.

விவரம் ரசக் கரண்டியோடு வெளியே வந்தது.
வஜ்ரம்மா, மெஸ்காரி.
வாசலில் நின்று ஒரு சரணம் கேட்டாள்.
நான் எதிர்பார்த்த எதுவும் அந்த முகத்தில் வரவில்லை.
"இன்னாத்துக்கு இவ்ளோ அவசரமா ஓட்றானுங்க?
அந்தாளு நாலரைக் கட்டை.
அஞ்சுக்கு ஏத்தி வெச்சிகிறாங்க.
என் தொண்டகூட எலி மாதிரி கேக்குது."

டேப் ஓடிய வேகம் தப்பு.
இளமையும் இல்லை, துள்ளலும் இல்லை, மோட்டார்.
அடிக்கோட்டை நடுக்கோடாக்கினேன்.

"கிளீனர் சாவறானா இதுல?"
சாகிறான் என்றேன்.
"அது உங்க பக்கத்துக்கு. இங்க செத்தா
ஒருத்தனும் காசு போடமாட்டான்.
தெலுங்குல வூட்டுக்கு வந்துடுவான்,
நான்தான் கதவத் தொறப்பேன்."
எட்டு வட்டையும் விரலால் தடவிப் பார்த்தேன்.
தெலுங்கில் ஒரு பாட்டும் இல்லை.
எந்தக் கதவும் திறக்கவில்லை.

"பணம் ஏதாச்சும் வருமா?"
தெரியாது என்றேன்.
இரண்டு சாப்பாட்டுக்கு நூற்று நாற்பது,
அப்பளத்துக்குத் தனி.

திரும்பும்போது மடியில் வைத்தே முடித்தேன்.
நாற்பத்தோராம் பக்கத்துக்கு ஒரு திருத்தம்,
பெயர், மெஸ் முகவரி, போன் நம்பர்.
பிறகு, ஐந்துக்கு நாலரை.
கட்டையைத்தான் எழுதினேன்.
நட்சத்திரம் என்று அச்சிடுவார்கள்.

தாமோதர் மறுபடி அதே வட்டைத் தள்ளினான்.
காலி வண்டி, நல்ல ரோடு, எண்பதில் போகலாம்.
முப்பதுக்கு இறக்கினான்,
வண்டி மெதுவானால் குரலும் இறங்கும் என்பதுபோல.
பின்னால் ஓர் ஆந்திரா பஸ்
ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது.